இரண்டுங்கெட்டான் வயது

கடல் கடந்து பொருள் தேடுதல் தமிழர்க்குப் புதிதன்று. இரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடை நடத்தச் சென்ற செட்டிநாட்டார் பலர் மனைவி மக்களை ஊரிலேயே விட்டுச் சென்றனர். ஆண்டுகள் சில கழிந்த பின்னரே திரும்பி வந்தனர். இன்று நிலைமை வேறு. வேலைக்கான விசா பெற்றவர் தம் குடும்பத்தையும் உடன் அழைத்துக்கொள்ளப் பல நாட்டுச் சட்டங்கள் இடங்கொடுக்கின்றன. ஆயின், குடும்பம் என்றால் யார் யார்? கணவன், மனைவி, பிள்ளை. சரி, பிள்ளை என்பவன் எந்த வயது வரையில் பிள்ளை? இந்தக் கேள்வி சென்ற ஆண்டு எங்கள் வீட்டு வாயிலிலும் வந்து நின்றது.

எங்கள் சொந்த ஊர் குடியாத்தம். அப்பாவுக்கு நாயுடுபேட்டைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்ததால், நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அங்கே குடியேறினோம். சுவர்ணமுகி ஆற்றங்கரையில், சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையில், திருப்பதிக்குச் சாலை பிரியும் இடத்தில் உள்ள ஊர் அது. 2022 ஏப்ரல் 3 வரையில் அது நெல்லூர் மாவட்டம். மறுநாள் முதல் திருப்பதி மாவட்டம். ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. ஒரே இரவில் அதன் முகவரி மட்டும் மாறிவிட்டது. மனிதர்க்கும் அவ்வாறு நேரும் என்று அப்போது நான் எண்ணியதில்லை.

அம்மா செவிலியர். பதினைந்தாண்டுகளுக்கு மேலாகத் தனியார் மருத்துவமனைகளில் இரவு பகல் பாராது உழைத்தவர். ஆங்கிலத் தேர்வும் செவிலியர் தேர்வும் எழுதித் தேறி, இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பெற்றுச் சென்ற ஆகஸ்டில் விமானமேறினார். "நீங்கள் மூவரும் பின்னால் வந்துவிடுங்கள்" என்று அவர் சொன்னபோதே எனக்குத் தெரியும், அந்த மூவரில் நான் இல்லை என்று. இங்கிலாந்துச் சட்டப்படி, முதன்முறை சார்ந்தோர் விசாக் கேட்கும் பிள்ளைக்கு விண்ணப்பிக்கும் நாளில் 18 வயது நிறைந்திருத்தல் கூடாது. எனக்கு 23. அந்தக் கதவு எனக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே அடைபட்டுவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை; என் படிப்பு இங்கே இருக்கிறது.

தம்பியின் நிலைதான் இரண்டுங்கெட்டான். இண்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பிப்ரவரியில் 18 வயது நிறைகிறது. பொதுத்தேர்வோ பிறந்தநாளுக்குப் பின்னர்.

வயதைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு வியப்பே மிகுந்தது. விஞ்ஞானம் கற்கும் நமக்கு ஓர் அளவு எங்கும் ஓர் அளவாகவே இருக்க வேண்டும். மீட்டர் பாரிசிலும் மீட்டர்தான், பழவேற்காட்டிலும் மீட்டர்தான். பிள்ளைப் பருவத்திற்கு அப்படியோர் அளவுகோல் இல்லை. சிங்கப்பூரில் 21க்குக் கீழ்ப்பட்ட, மணமாகாத மகன் சார்ந்தோன். கனடாவில் அவ்வெல்லை 22. 2017 அக்டோபருக்கு முன் சிலகாலம் 19ஆக இருந்து பின்னர் உயர்த்தப்பட்டது. ஐக்கிய அரபு நாட்டில் மகனுக்கு 18ஆக இருந்த எல்லையை 2022இல் 25 ஆக்கினார்கள். மணமாகாத மகளுக்கு எல்லையே இல்லை. இலண்டனில் ஆளாகிவிட்டவன் டொராண்டோவில் இன்னும் குழந்தை!

அமெரிக்காவின் கதை இன்னும் துயரமானது. எச்-1பி விசாவில் சென்றவரின் பிள்ளைக்கு 21 நிறைந்ததும் சார்ந்தோர் உரிமை போய்விடும். அதற்குள் பெற்றோர்க்கு நிரந்தரக் குடியுரிமை அட்டை கிடைத்தால் பிழைத்தான். ஆனால் ஆண்டுதோறும் வழங்கும் அட்டைகளில் ஒரு நாட்டார்க்கு 7 விழுக்காட்டிற்கு மேல் இல்லை என்பது விதி. வரிசையில் இந்தியரோ மிகப் பலர். காத்திருக்கும் காலம் பல ஆண்டுகள். மூன்று வயதில் அழைத்துச் செல்லப்பட்டு, அந்த நாட்டுப் பள்ளியிலேயே படித்து வளர்ந்தவன், 21இல் மாணவர் விசாக் கேட்டு அயலானாக நிற்க நேர்கிறது. இவர்களுக்காக 2021இல் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை.

எங்கள் வீட்டிலும் நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டே பேச்சு நடந்தது. பாஸ்போர்ட் எப்போது வரும், காசநோய்ச் சோதனைச் சான்று எப்போது எடுப்பது, விரல்ரேகை பதிக்கச் சென்னைக்கு எந்த நாள் செல்வது என்று அப்பா கணக்கிட்டுக்கொண்டிருந்தார். தாய் தந்தை இருவரும் அங்கே இருக்க வேண்டும், அல்லது உடன் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. ஆகவே தம்பி செல்வதானால் அப்பாவும் பன்னிரண்டாண்டு வேலையை விட்டுச் செல்ல வேண்டும். ஓர் இரவு தம்பி என்னிடம் மெல்லச் சொன்னான்: "எப்பப் போகணும்னுதான் எல்லாரும் பேசுறீங்க. போகலாமான்னு யாரும் என்னைக் கேக்கலியே, அக்கா."

அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. அவன் அங்கே போய் என்னவாக இருப்பான் என்று அதன் பின்னரே தேடிப் படித்தேன். சார்ந்தோர் விசாவில் செல்பவர் வேலை செய்யலாம், தடையில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தில் உள்நாட்டு மாணவர்க்குரிய கட்டணம் பெற, பொதுவாக நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் மூன்றாண்டு வசிப்பும் வேண்டும். உள்நாட்டு மாணவரிடம் 2025-26ஆம் கல்வியாண்டில் வாங்கத்தக்க உச்சவரம்பு 9,535 பவுன். வெளிநாட்டு மாணவர்க்கு வரம்பே கிடையாது. ஒரு செவிலியரின் ஊதியத்தில் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியுமா? உழைக்கத் தடையில்லை, படிக்க வழியில்லை என்றால், பதினெட்டு வயதுப் பையன் எங்கே போய் நிற்பான்? ஏதேனும் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கத்தான் நிற்பான். உழைப்பு இழிவன்று. ஆனால் அதற்காகவா அம்மா கடல் கடந்தார்?

இனி இங்குள்ள விதியைப் பாருங்கள். 'லோக்கல்', 'நான்-லோக்கல்' என்னும் சொற்கள் இந்த மன்றத்தினர் அனைவரும் அறிந்தவையே. 1974ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையில் பிறந்த வழக்கு அது. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும்படி, தொடர்ந்து நான்கு கல்வியாண்டுகள் ஒரு பகுதியில் படித்தவர் அப்பகுதியினர் ஆவர். 85 விழுக்காட்டு இடங்கள் அவர்களுக்கு. எங்களைப் போல் வந்து குடியேறிய தமிழர்க்கு அதில் ஒரு நன்மை உண்டு: அது தாய்மொழியைக் கேட்பதில்லை; படித்த ஆண்டுகளைக் கேட்கிறது. தம்பி இந்தத் தேர்வை எழுதாமல் புறப்பட்டால், நாயுடுபேட்டைப் பள்ளியில் தேடிய அந்த உரிமையையும் இழப்பான். அங்கும் இடமின்றி இங்கும் இடமின்றிப் போவான்.

வழி, விதியின் ஒரு சொல்லிலேயே இருந்தது. இங்கிலாந்து கேட்பது விமானம் ஏறும் நாளின் வயதையன்று. விண்ணப்பிக்கும் நாளின் வயதை. எனவே பிறந்தநாளுக்கு முன்பே, சனவரியில், அப்பாவும் தம்பியும் விண்ணப்பித்தனர். தேர்வை எழுதி முடித்த பிறகே பயணம் என்று முடிவாயிற்று. அதற்கு மேல் தம்பி ஒரு நிபந்தனை வைத்தான்: நுழைவுத்தேர்வில் விரும்பிய பாடம் இங்கே கிடைத்தால் தங்குவான், இல்லையேல் செல்வான். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. தொலைபேசியில் அம்மாதான் சொன்னார்: "அவன் வாழ்க்கைங்க. அவனே சொல்லட்டும்." பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எவரினும் மிகுதியாக ஆசைப்பட்டவர் அவர், அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது.

நண்பர்களே, உங்களுள் பலர்க்குப் பதினாறு, பதினேழு வயதில் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். நாளை உங்கள் வீட்டிலும் விசாக் கடிதம் வரலாம். ஊதியத்தைக் கணக்கிடும் முன் பிறந்தநாளைக் கணக்கிடுங்கள். அந்நாட்டில் அவர்கள் படிக்க என்ன கட்டணம், எத்தனை ஆண்டுக் காத்திருப்பு என்று முழுவதும் படியுங்கள். இங்கே உள்ள உரிமை எந்தத் தேர்வோடு நிலைக்கும் என்று பாருங்கள். பெற்றோர்க்கு அந்த விதிகளை எடுத்துச் சொல்லும் கடமை கல்லூரிப் படி ஏறிய நமக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, "உனக்குப் போக விருப்பமா?" என்று ஒருமுறை கேளுங்கள். சட்டம் அவர்களைப் பெரியவர்கள் என்று ஒரு நாளில் அறிவித்துவிடும். வீடு அதற்குச் சற்று முன்பே அறிந்துகொள்ள வேண்டாமா?

இதை எழுதும்போது தம்பி தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறான். அவன் சென்றால் நாயுடுபேட்டை வீட்டின் சாவி என் ஒருத்தியிடமே இருக்கும். இருந்தால் எங்கள் இருவரிடமும் ஒவ்வொன்று இருக்கும். எதுவாயினும் சரி, அந்த முடிவு அவனுடையதாகவே இருக்கட்டும்.