கரண்ட் போனால் காப்பி எழுமா?

சுவாமிமலையில் சிலை வார்க்கும் வீட்டுப் பையன் அவன். பி.காம். படிக்கிறான். அப்பா மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண் பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார். பிறகு மண் அச்சை உடைத்தே ஆக வேண்டும். ஒரு அச்சுக்கு ஒரே சிலை.

பட்டறைக் கணக்கும் ஆர்டர் போட்டோக்களும் ராஸ்பெரி பை என்கிற கையடக்கக் கணினியில் இருந்தன. அதில் எல்லாமே நகத்தளவு எஸ்டி கார்டுதான். ஃபைல்களை மட்டும் பென்டிரைவில் காப்பி எடுத்து வைத்திருந்தான். ஒருநாள் கரண்ட் போய் வந்ததில் கார்டு கெட்டது. புது கார்டில் ஃபைல்களைப் போட்டான், பூட் ஆகவில்லை. ஆகுமா பின்னே? கார்டில் பூட்டுக்கென்று ஒரு சின்னப் பகுதி, லினக்ஸுக்கு ஒரு பெரிய பகுதி. இரண்டையும் அப்படியே எடுத்தால்தான் நகல் எழுந்து ஓடும். கணக்கு தப்பியது, மற்றதெல்லாம் மறுபடி இன்ஸ்டால் செய்ய இரண்டு நாள்.

இப்போது மாதாமாதம் அதை ஷட்டவுன் செய்து, கார்டைக் கழற்றி, வேறொரு லினக்ஸ் கணினியில் 'டிடி' கட்டளையால் முழு இமேஜ் எடுக்கிறான். (டிரைவ் பெயரைத் தப்பாக அடித்தால் கதை முடிந்தது!) 32 ஜிபி என்று போட்ட இரண்டு கார்டுகள்கூட ஒரே அளவில் இருப்பதில்லை, கொஞ்சம் சிறியதில் இமேஜ் அடங்காது. அதனால் எழுதி முடித்ததோடு விடாமல், நகல் கார்டைச் செருகி ஒருமுறை பூட் செய்தும் பார்க்கிறான்.

அப்பா எட்டிப் பார்த்தார். "இதுக்கு அச்சை உடைக்க வேண்டாமாடா?"