பொருந்தவில்லை வேறு, தெரியவில்லை வேறு

அம்பத்தூரில் முப்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருப்பவரின் முகவரி மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிட்டது. 1997 ஜூலைக்கு முன்பு செங்கல்பட்டு–எம்.ஜி.ஆர். மாவட்டம். அது பிரிந்தபோது திருவள்ளூர். 2018-ல் அம்பத்தூர், மதுரவாயல் வட்டங்கள் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தபோது சென்னை. உள்ளாட்சிக் கணக்கு தனி. அம்பத்தூர் நகராட்சி 2011-லேயே சென்னை மாநகராட்சிக்குள் போய் 7-ஆவது மண்டலமாகிவிட்டது. காவல்துறைக் கணக்கு அதிலும் தனி. 2022 தொடக்கத்தில் ஆவடி காவல் ஆணையரகம் வந்ததும் அம்பத்தூர் அதன்கீழ் போயிற்று. ஆக, மாவட்டம் சென்னை, மாநகராட்சி சென்னை, போலீஸ் ஆவடி. பக்கத்து ஆவடியோ 2019-ல் தானே மாநகராட்சி ஆனது, ஆனாலும் மாவட்டம் திருவள்ளூர்தான். பூந்தமல்லிக்கும் மாவட்டம் திருவள்ளூர், போலீஸ் ஆவடி. இத்தனைக்கும் வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பின்கோடும் அதே 600053.

இப்படிப்பட்ட முகவரிகளைக் கணினியில் சரியாக வைத்திருப்பது என் பிழைப்பின் ஒரு பகுதி. 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் இருக்கிற சிறு பட்டறைகளுக்கு யார் சரக்கு அனுப்புகிறார்கள், பில் எந்த முகவரிக்குப் போக வேண்டும், லோடு எங்கே இறங்க வேண்டும் என்ற விவரங்கள் எங்கள் நிரலுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிரல் எழுதுவது எர்லாங் மொழியில். 1986 வாக்கில் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் மூவரும் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கத் தொடங்கிய மொழி அது. ஒரு அழைப்பு அறுந்தால் மற்ற அழைப்புகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பது அவர்களுடைய தேவை. இன்று நாம் தினமும் தட்டுகிற வாட்ஸ்அப்பின் சர்வர்களும் அதே மொழியை நம்பித்தான் வளர்ந்தன.

எர்லாங்கில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான், மாற்ற முடியாது. சாவிக்கு ஒரு மதிப்பு என்று விவரங்களைக் கட்டிவைக்கும் 'மேப்' 2014-ல், அந்த மொழியின் 17-ஆம் பதிப்பில் வந்தது. அதற்கும் இதே சட்டம்தான். 'மாவட்டம்' என்ற சாவிக்கு எதிரே 'திருவள்ளூர்' என்று இருக்கிற மேப்பைக் கையில் எடுத்து, அந்தச் சொல்லை அழித்து 'சென்னை' என்று எழுத வழியில்லை. 'சென்னை' என்று இருக்கும் புதிய மேப் ஒன்றை உண்டாக்கலாம், அவ்வளவுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரத்தில் தப்பு இருந்தால் அதை அடித்துத் திருத்துவதில்லை. பிழைத்திருத்தப் பத்திரம் என்று தனியாக ஒன்று பதிவாகிறது, பழையதும் அப்படியே இருக்கிறது. மேப்பின் கதையும் அதுவே.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழு மேப்பையும் படியெடுத்தால் கணினி தாங்குமா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். முழுதாகப் படியெடுப்பதில்லை. 32 சாவிகள் வரை உள்ள சின்ன மேப்பில் சாவிகளின் வரிசையைப் பழையதும் புதியதும் பொதுவாக வைத்துக்கொள்கின்றன, மதிப்புகளின் வரிசை மட்டும் புதிதாகிறது. அதைவிடப் பெரிய மேப் உள்ளே மரம்போலக் கிளை பிரிந்திருக்கும். மாறிய மதிப்புக்குப் போகும் பாதையில் உள்ள கணுக்கள் மட்டும் புதிதாக உருவாகும், மற்ற கிளைகளை இரண்டும் பகிர்ந்துகொள்ளும்.

இந்த மொழியில் நான் மிகவும் மதிக்கிற விஷயம் இரண்டு சின்னக் குறிகள். => என்று போட்டால், சாவி இருந்தால் மதிப்பை மாற்று, இல்லையென்றால் புதிதாகச் சேர் என்று பொருள். := என்று போட்டால், சாவி இருந்தால் மட்டும் மாற்று. இல்லையென்றால் 'பேட்கீ' என்ற பிழையோடு வேலை அங்கேயே நின்றுவிடும். எக்செல் கோப்பிலிருந்து வந்த ஒரு பட்டியலில் 'மாவட்டம்' என்ற தலைப்புக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட மேப்பில் => போட்டால் இரண்டு மாவட்டங்கள் உட்கார்ந்துவிடும். இடைவெளியோடு ஒன்று, அதில் திருவள்ளூர். இடைவெளி இல்லாமல் ஒன்று, அதில் சென்னை. எந்தச் சத்தமும் வராது. := போட்டால் முதல் மேப்பிலேயே நிற்கும், கோப்பைத் திறந்து தலைப்பைச் சரிசெய்துவிட்டு மேலே போகலாம். திருத்த வந்த இடத்தில் சேர்க்கும் குறியைப் போடக்கூடாது என்பதை நான் விடாமல் வலியுறுத்துவது இதனால்தான்.

அடுத்து, எந்த மேப்பைத் திருத்துவது என்ற நிபந்தனை. 2018 மாற்றத்தைச் செய்ய எழுதிய ஃபங்ஷனை, அதாவது அந்த ஒரு வேலைக்கான நிரல் துண்டை, தமிழில் சொன்னால் மூன்று கிளைகள். முதல் கிளை: வட்டம் அம்பத்தூர் அல்லது மதுரவாயல், மாவட்டம் திருவள்ளூர் என்றிருக்கும் மேப் வந்தால், மாவட்டத்தைச் சென்னை ஆக்கிய புதிய மேப்பைக் கொடு. இரண்டாம் கிளை: வட்டம், மாவட்டம் இரண்டு சாவிகளும் இருந்து, சொன்னபடி பொருந்தவில்லை என்றால் வந்த மேப்பையே திருப்பிக் கொடு. மூன்றாம் கிளை: இரண்டில் ஒரு சாவி இல்லாவிட்டாலும், 'விவரம் போதவில்லை' என்று முத்திரை குத்தித் தனியே வை. ஃபங்ஷனின் தலையில் சாவி இருக்கிறதா என்று கேட்பதற்கும் அதே := குறிதான். முதல் கிளை பழைய மாவட்டத்தையும் சேர்த்துக் கேட்பதால் நிரலைத் தெரியாமல் இரண்டாம் முறை ஓட்டினாலும் கெடுதல் இல்லை. சென்னை ஆகிவிட்ட முகவரி இரண்டாம் கிளையில் விழுந்து அப்படியே வெளியே வரும்.

பல மொழிகளில் 'இப்படி இருந்தால் மாற்று' என்று எழுதிவிட்டு, 'இல்லாவிட்டால்' என்பதை எழுதாமலே நகரலாம். எர்லாங்கில் ஒவ்வொரு கிளையும் ஏதாவது ஒரு மதிப்பைத் தந்தாக வேண்டும். எந்தக் கிளையிலும் பொருந்தாத மேப் வந்தால் ஓட்டம் நின்றுவிடும். சும்மா விட்டுவிடு என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், இரண்டாம் கிளையையும் மூன்றாம் கிளையையும் ஒன்றாக்காமல் இருப்பது. 'மற்றதெல்லாம் அப்படியே போகட்டும்' என்று ஒரே வரியில் முடிக்க மொழி இடம் கொடுக்கிறது. முடித்தால் பூந்தமல்லிக்காரரும், வட்டமே பதிவாகாத அம்பத்தூர்க்காரரும் ஒரே வாசலில் வெளியேறுவார்கள். முன்னவருக்கு மாற்ற எதுவுமில்லை. பின்னவருக்கு மாற்ற வேண்டுமா என்பதே நமக்குத் தெரியாது. பொருந்தவில்லை வேறு, தெரியவில்லை வேறு. இந்த இரண்டையும் பிரித்து எழுதுவதில்தான் நிரல் எழுதுகிறவரின் அக்கறை தெரியும் என்று நினைக்கிறேன்.

எங்களோடு வேலைபார்க்கும் ஆவடிப் பெண் ஒருத்தி, "அண்ணா, வட்டம் இல்லாததுக்கெல்லாம் பின்கோடை வெச்சே மாத்திடலாமே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. "பின்கோடு தபால்காரருக்கும்மா, வட்டம் தாசில்தாருக்கு. ரெண்டு பேர் எல்லையும் ஒண்ணா இருக்கணும்னு இல்லையே" என்றேன். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த பின்கோடு, கடிதம் எந்த அஞ்சலகத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்டது. மாவட்டம் மாறியது வருவாய் வட்டத்தை வைத்து. அரசாணை எதைத் தொட்டதோ அதைத்தான் நிபந்தனையும் கேட்க வேண்டும். போலீஸ் எல்லையை மாற்றும் ஃபங்ஷன் மாவட்டத்தைக் கேட்காமல் காவல் நிலையத்தின் பெயரைக் கேட்பதும் அதே நியாயம். தனித்தனி ஃபங்ஷன்களாக வைத்து, ஒன்று தரும் மேப்பை அடுத்ததற்குக் கொடுத்தால் போதும்.

பழைய மேப் அழிவதில்லை என்பதை மட்டும் நம்பி வரலாற்றை விட்டுவிடக்கூடாது. யாரும் கையில் பிடித்திராத மேப்பை எர்லாங்கே நினைவகத்திலிருந்து கூட்டித் தள்ளிவிடும். 2016-ல் போட்ட பில்லில் திருவள்ளூர் என்று இருந்தது அன்றைக்குச் சரி, இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் அப்படித்தான் தெரிய வேண்டும். அதற்குப் பழைய மேப்பையும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் தரவுத்தளத்தில் நாமே எழுதிவைக்க வேண்டும். மொழி செய்யும் உதவி, திருத்தம் முடிந்த அந்த நொடியில் முந்தியது, பிந்தியது இரண்டையும் சேதமில்லாமல் கையில் தருவது. ஒப்பிட்டுப் பார்க்க, சேமிக்க, வேண்டாம் என்று திரும்பிப் போக அது போதும்.

இதெல்லாம் நிரல் எழுதுகிறவர்களின் உள்விவகாரம் இல்லை. சாதிச் சான்றிதழோ பட்டா மாறுதலோ கேட்டு ஒருவர் விண்ணப்பிக்கும்போது அது எந்தத் தாசில்தாரின் மேசைக்குப் போக வேண்டும் என்பதை முடிவுசெய்வது இப்படி ஒரு சாவியும் மதிப்பும்தான். அங்கே எழுதாமல் விட்ட கிளைக்கான பதிலை, கவுன்ட்டரில் ஜெராக்ஸ் கட்டோடு நிற்கும் மனிதர் சொல்ல வேண்டியிருக்கும். அவரிடம் இருப்பது சரியான முகவரி. அதைத் திருத்தத் தெரியாதது நம் நிரல்.

மேற்குப் புறநகர் வளர்ந்துகொண்டே இருக்கிறது, எல்லைகள் மறுபடியும் மாறும். அடுத்த அரசாணை வரும்போது எழுத வேண்டியது இன்னொரு ஃபங்ஷன், மூன்று கிளைகளோடு. 2018-க்காக எழுதியதில் கை வைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த மூன்றாம் கிளையில் ஒதுங்கிய முகவரிகளுக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து, உரியவருக்கு ஃபோன் போட்டு, "உங்க வட்டம் எதுங்க?" என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த வேலையை எந்த மொழியும் நமக்காகச் செய்யாது.