கண் அளக்கும் பெண்

சங்கத்து மலர்க் குழுவினர் நம்மிடம் கட்டுரை கேட்டபோது, சிலம்பைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ ஏதேனும் வரும் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றை எழுத வல்லார் நம்மிடையே பலர் உளர். மத்திய அரசு அலுவலகமொன்றில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தராகிய நாம், நம் வீட்டில் நடந்த ஒன்றையே எழுதத் துணிந்தோம். அதில் நம் தவறும் கலந்திருக்கிறது.

2014ஆம் ஆண்டு கோடையில் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து நம் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அவள் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருந்தாள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இரண்டாண்டுப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகையும் உண்டு. "அண்ணே, நீ என்ன சொல்றே?" என்று கேட்டாள். தாய்மாமன் சொல்லுக்கு இன்னும் மதிப்பிருக்கும் குடும்பம் நம்முடையது. அந்த மதிப்பை நாம் நான்கு பக்கக் கடிதமாக்கி அனுப்பினோம். பெண் ஒரு பட்டம் பெறட்டும், பின்னர்த் தேர்வெழுதி அரசுப் பணிக்கு வரட்டும், ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விடுவதற்கா இவ்வளவு படிக்க வைத்தோம் என்பது அதன் சாரம். பி.ஏ. பட்டம் நமக்கு என்ன தேடித் தந்தது என்பதைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

பெண் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் தாயின் மனத்தைத் திருப்பியவள், அதே மருத்துவமனையில் பணியிலிருந்த அண்டை வீட்டுப் பெண். நமக்கு மனத்தாங்கல் ஏற்பட்டது. ஓராண்டு சரியாகப் பேசவில்லை.

அம்மருத்துவமனையின் வரலாற்றை அப்போது நாம் அறியோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1918இல் வடமலாபுரத்தில் பிறந்தவர். இளமையிலேயே மூட்டுவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போக, அவ்விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு கண் அறுவை பயின்றவர். 1976இல், ஐம்பத்தெட்டு வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், உடன்பிறந்தோர் துணையுடன் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். ஐம்பத்தெட்டில் நாமெல்லாம் ஓய்வூதியக் கணக்கைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்போம். அவர் அதற்குச் சூட்டிய பெயர் ஸ்ரீ அரவிந்தருடையது. அந்த அரவிந்தர் 1872இல் பிறந்தது இதே கல்கத்தாவில்! இங்கே இத்தனை ஆண்டு வாழ்ந்தும் அவ்வுறவு நமக்குத் தெரிந்திருக்கவில்லை. மருமகள் சொல்லித்தான் தெரிந்தது.

பயிற்சியைப் பற்றி அவள் சிறிது சிறிதாகச் சொன்னவற்றைத் தொகுத்துரைப்போம். முதற் சில திங்கள் எல்லார்க்கும் பொதுப்பாடம்: கண்ணின் அமைப்பு, நோய்களின் பெயர்கள், கை கழுவும் முறை, நோயாளியிடம் பேசும் முறை. பின்னர் அவரவர் திறன் கண்டு பிரிக்கிறார்கள். சிலர் அறுவை அரங்கிற்கு, சிலர் பார்வைச் சோதனைக்கு, சிலர் நோயாளிக்கு எடுத்துரைத்து ஐயம் போக்கும் பணிக்கு, சிலர் பதிவேடுகளுக்கு. கண்ணழுத்தம் பார்ப்பது, கண்ணாடிக்கு எண் காண்பது, கண்ணீர்ப் பாதை அடைபட்டிருக்கிறதா என்று சோதிப்பது எல்லாம் இப்பெண்களே. மருத்துவர், மருத்துவர் மட்டுமே செய்யவல்லதைச் செய்கிறார். அரங்கில் ஒரு மேசையில் அறுவை முடியும்போது அடுத்த மேசையில் அடுத்தவர் ஆயத்தமாக இருப்பார். அதனாலேயே, பணம் தருவோர் தர, தர இயலாதோர்க்கு இலவசமாக, இத்தனை பேருக்கு மருத்துவம் நடக்கிறது. எதில் சேர்வது என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம். வருமானச் சான்று கேட்பதில்லை. சான்றிதழில்லாமல் ஒரு தாளையும் நகர்த்தாத அலுவலகத்தில் இருக்கும் நமக்கு இதை நம்பவே சில நாள் பிடித்தது.

2018ஆம் ஆண்டுப் பூஜை விடுமுறைக்கு அவள் நியூ டவுனில் நம் வீட்டுக்கு வந்தாள். அப்போது நம் தாயார் நம்மோடு இருந்தார்கள். எட்டாம் மாடி; கீழே அகன்ற சாலைகளும் ஏரிகளும் தெரியும் வீடு. அம்மா பால்கனிக்கே வருவதில்லை. ஊர் நினைவு என்று எண்ணினோம். பேச்சுக் குறைந்தது, முதுமை என்றோம். முந்தைய ஆண்டு ஒரு கண்ணாடிக் கடைக்கு (பெயர் வேண்டாம்) அழைத்துச் சென்றிருந்தோம். மூன்று நிமிடத்தில் இயந்திரத்தில் பார்த்து ஒரு கண்ணாடி தந்தார்கள். அம்மா அதை மேசை இழுப்பறையில் வைத்ததையும் நாம் கேட்கவில்லை.

வந்த இரண்டாம் நாள் காலை மருமகள் அடுக்களையில் நின்று அம்மா தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தம்ளருக்குள் ஆள்காட்டி விரலை விட்டுக்கொண்டு ஊற்றினார்கள். நீர் விரலைத் தொட்டதும் செம்பை நிமிர்த்தினார்கள்.

"அம்மாச்சி, எத்தனை நாளா இப்படி ஊத்துறீங்க?"

"அது ரொம்ப நாளா இருக்கு தாயி."

ஜன்னலருகே உட்காரவைத்து ஒவ்வொரு கண்ணாக மூடி விரல்களை எண்ணச் சொன்னாள். டார்ச் விளக்கால் பார்த்தாள். வலக் கண்ணின் மணியில் வெண்மை படர்ந்திருப்பதை நமக்கும் காட்டினாள். மூன்று ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் இருந்து, அன்றாடம் அந்த முகத்தைப் பார்த்து, அந்தக் கையால் உண்டும் நாம் காணாதது அது. "மாமா, உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னு சொல்லாம இருந்திருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். கடிதத்தைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்கத்தாவிலும் நல்ல கண் மருத்துவமனைகள் உண்டு. மருமகளே அவற்றைச் சொன்னாள். அம்மாதான் "என் பேத்தி இருக்கிற இடத்துக்கே போறேன்" என்று பிடிவாதம் பிடித்தார்கள். 2019 சனவரியில் மதுரை சென்றோம்.

அப்போது அவள் கண்ணை அளக்கும் பிரிவில் இருந்தாள். கண்புரை என்பது கண்ணின் இயற்கை வில்லை மங்கிப்போவது. அதை அகற்றிச் செயற்கை வில்லை வைக்கிறார்கள். எந்த எண்ணுள்ள வில்லை என்பதைக் கருவிழியின் வளைவும் கண்ணின் நீளமும் கொண்டு கணக்கிடுகிறார்கள். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால் வில்லையின் எண் ஏறத்தாழ இரண்டரை, மூன்று வரை பிழைத்துவிடுமாம். "ஆகவே திரும்பத் திரும்ப அளப்போம் மாமா, ஒத்துவராவிட்டால் வேறொருத்தியை அளக்கச் சொல்வோம்" என்றாள். நம் அலுவலகத்தில் பிழை நேர்ந்தால் திருத்தாணை ஒன்று வெளியிட்டால் போதும். அவள் பிழைத்தால் அது ஒருவர் கண்ணுக்குள் அல்லவா தங்கிவிடும்? வைக்கும் வில்லையும் மதுரையிலேயே, 1992இல் தொடங்கிய ஆரோலாப் என்னும் நிறுவனத்தில் செய்யப்படுவது. அயல்நாட்டு வில்லை ஏழைக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில் தோன்றியது அது.

கட்டு அவிழ்த்த மறுநாள் அம்மா முதலில் பார்த்துச் சொன்னது பேத்தியின் புடவை நிறத்தை. பிறகு நம்மை நோக்கி, "நீ ஏன்டா இவ்வளவு இளைச்சுட்டே?" என்றார்கள். நாம் இளைக்கவில்லை, சொன்னால் நம்பவில்லை.

இப்பொழுது மருமகள் சிற்றூரொன்றில் பார்வை மையத்தில் இருக்கிறாள். 2004இலிருந்து அரவிந்த் நிறுவிவரும் இம்மையங்கள் நூற்றுக்கும் மேலாகிவிட்டன. அங்கே மருத்துவர் இல்லை. இவளும் உடன் ஒருவரும் மட்டுமே. நோயாளியின் கண்ணைச் சோதித்து, விவரத்தைக் கணினியில் ஏற்றி, தொலைவிலுள்ள மருத்துவரை நோயாளியோடு திரையில் பேசவைக்கிறாள், கண்ணாடி எழுதுகிறாள், வரவு செலவு, மருந்து இருப்பு, மீண்டும் வரவேண்டியவர் பட்டியல் அனைத்தும் இவர்கள் பொறுப்பு. நம் அலுவலகத்தில் இவ்வளவுக்கும் ஒரு பிரிவே இருக்கும். பிரிவுக்கொரு கண்காணிப்பாளரும் இருப்பார்.

சென்ற மாதம் பகலில் அழைத்தோம். "மாமா, ஆள் காத்திருக்காங்க, நாலு மணிக்குப் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். நான்கு மணிக்கு அழைத்தவள் அம்மாச்சியை விசாரித்தபின் கேட்டாள்: "மாமா, உங்களுக்கு நாப்பத்தாறு ஆகுதில்ல? கோப்பைத் தள்ளி எட்டப் பிடிச்சுத்தானே படிக்கிறீங்க?"

அப்படித்தான் படிக்கிறோம் என்று ஒப்புக்கொண்டோம். வெள்ளெழுத்துதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, எந்த நாளில் ஊருக்கு வருகிறோம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.