பாய் கடை பாக்கி

போன வாரம் ஆட்டோவுல மவுண்ட் ரோடு பக்கம் போறப்ப, பழக்க தோஷத்துல "சஃபையர் தியேட்டர் தாண்டி ஓரமா நிறுத்துப்பா"ன்னு சொல்லிட்டேன். ஓட்டின தம்பிக்கு மிஞ்சிப் போனா இருபத்தஞ்சு வயசு இருக்கும். கண்ணாடி வழியா என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "அது எங்க சார் இருக்கு? மேப்புல வரலியே"ன்னான்.

எப்படி வரும்? 1964-ல திறந்து, ஒரே வளாகத்துல சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டுன்னு மூணு தியேட்டரா ஜொலிச்ச இடம் அது. இழுத்து மூடி, இடிச்சு, பல வருஷம் ஆச்சு. எனக்குத்தான் இன்னும் அங்க படம் ஓடிக்கிட்டிருக்கு.

இந்த ஊர்ல என் வயசுக்காரங்க எல்லாருக்கும் இதே வியாதிதான். ஜெமினி ஸ்டூடியோ போயிடுச்சு. பேரு மட்டும் பக்கத்துல இருக்கிற மேம்பாலத்துல ஒட்டிக்கிச்சு. அதோட முறையான பேரு அண்ணா மேம்பாலம்னு சொன்னா பஸ் கண்டக்டரே யோசிப்பார். 1962-லேர்ந்து காருக்குள்ள உட்கார்ந்தபடியே தோசை சாப்பிட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-ல மூடினாங்க. அது இப்ப செம்மொழிப் பூங்கா. பார்க் டவுன் பக்கம் சென்ட்ரல் ஜெயிலைக் காலி பண்ணி, கைதிகளை 2006-ல புழலுக்கு அனுப்பினாங்க. 2009-ல இடிக்கிறதுக்கு முன்னாடி பொதுமக்கள் பார்க்கட்டும்னு திறந்துவிட்டப்ப, ஜனங்க ஜெயிலுக்குள்ள போக ஆசையா வந்தாங்க. ஆயிரம் சொல்லுங்க, சென்னைக்காரன் மாதிரி உண்டா!

சரி, கொசுவத்தியைக் கொளுத்தியாச்சு. சுத்தி முடிச்சிடறேன்.

எங்க வீடு குரோம்பேட்டை. அப்பாவுக்கு பாரிஸ் பக்கம் ஒரு கம்பெனியில குமாஸ்தா உத்தியோகம். முப்பத்தேழு வருஷம் தினமும் குரோம்பேட்டையிலேர்ந்து கோட்டை ஸ்டேஷனுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின்தான். இப்ப ஓடற அகலமான ரயில் இல்லீங்க, மீட்டர் கேஜ். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல 1931-லேயே கரண்ட்ல ஓட ஆரம்பிச்ச ரயில். தண்டவாளத்துக்கு நடுவுல சரியா ஒரு மீட்டர் இடைவெளி. அகலப் பாதைன்னா 1.676 மீட்டர். கேட்கறதுக்கு ரெண்டடி வித்தியாசம்தானேன்னு தோணும். காலையில எட்டரை மணி வண்டியில நின்னு பார்த்தவங்களுக்குத்தான் அந்த ரெண்டடியோட அருமை தெரியும். எதிர் சீட்டுக்காரர் முழங்கால் நம்ம முழங்காலோட இடிக்கும். நடுவுல நிக்கிறவரோட டிபன் பாக்ஸ் நம்ம மூக்குக்கு நேரா வரும். அன்னிக்கு யார் வீட்ல என்ன குழம்புன்னு பெட்டிக்கே தெரியும்!

2004 ஜூலை 1-ம் தேதியோட அந்த மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்னது. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அப்பாகிட்ட, "வாங்கப்பா, கடைசியா ஒரு தடவை பீச் வரைக்கும் போயிட்டு வரலாம்"னு கூப்பிட்டேன். ரிட்டயர் ஆகி வீட்ல இருந்தார். பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காம, "முப்பத்தேழு வருஷம் நசுங்கினது பத்தாதாடா? அது போனா நல்லதுதான். இனிமே வர்றவனாவது மூச்சு விட்டுட்டுப் போகட்டும்"னு சொல்லிட்டார். நான் மட்டும் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ரொம்ப உருக்கமா வேடிக்கை பார்த்துக்கிட்டு வந்தேன். வருஷத்துக்கு நாலு தடவை அந்த ரயில்ல ஏறினவன் நான். தினம் போனவருக்கு உருக்கம் இல்லை, எப்பவாவது போனவனுக்குத்தான் பொங்குது. அன்னிக்கே இது எனக்கு உறைச்சிருக்கணும்.

அப்பா எப்பவுமே அப்படித்தான். 1895-லேர்ந்து மெட்ராஸ்ல ட்ராம் ஓடிச்சே, 1953-ல நின்னுச்சே, உங்களுக்கு அப்ப பன்னண்டு வயசு இருக்குமே, ஞாபகம் இருக்கான்னு கேட்டா, "இருந்துச்சு, ஏறினோம், நின்னுச்சு"ன்னு மூணே வார்த்தையில முடிச்சிடுவார். 1983-ல பழைய ஸ்பென்ஸர் கட்டிடம் எரிஞ்சப்ப ஊரே உச்சுக் கொட்டுச்சு. "நாம என்னிக்குடா அங்க சாமான் வாங்கினோம்?"னு கேட்டவர் அவர்.

அம்மா அதுக்கு நேர் எதிர். பட்டினப்பாக்கத்துல பெரியம்மா வீடு. பெசன்ட் நகர்ல சித்தி வீடு. நடுவுல அடையாறு கடல்ல கலக்கிற முகத்துவாரம். அதுமேல 1967-ல கட்டின சின்னப் பாலம் ஒண்ணு இருந்துச்சு. லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனா, சாயங்காலம் அம்மாவும் பெரியம்மாவும் எங்களைக் கூட்டிக்கிட்டு பாலத்து வழியா நடந்தே சித்தி வீட்டுக்குப் போவாங்க. காபியைக் குடிச்சுட்டு இருட்டறதுக்குள்ள திரும்பிடலாம். 1977-ல வெள்ளத்துல பாலம் உடைஞ்சது. திரும்பக் கட்டவே இல்லை. அப்புறம் சித்தி வீட்டுக்குப் போகணும்னா பஸ் பிடிச்சு அடையாறு சுத்திக்கிட்டு வரணும். வாரத்துக்கு ரெண்டு தடவை பார்த்துக்கிட்ட அக்கா தங்கச்சிங்க மாசத்துக்கு ஒரு தடவைன்னு ஆகி, அப்புறம் தீபாவளி பொங்கலுக்குன்னு ஆயிடுச்சு. சண்டையெல்லாம் ஒண்ணுமில்லை. வழி இல்லை, அவ்ளோதான். மிச்சமிருக்கிற அந்த உடைஞ்ச பாலத்துல சினிமாக்காரங்க எத்தனையோ பாட்டும் சண்டையும் எடுத்துட்டாங்க. டிவியில அது வந்தா அம்மா மட்டும், "இது வழியாத்தான் உன் சித்தி வீட்டுக்குப் போவோம்"னு தவறாம சொல்லுவாங்க.

இப்படி எதுக்குமே அசராத அப்பா ஒரே ஒரு கட்டிடத்துக்கு மட்டும் அசந்தார். அது மூர் மார்க்கெட்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. ரிப்பன் மாளிகைக்கும் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் நடுவுல இருந்த செங்கல் நிறக் கட்டிடம். 1898-ல ஜார்ஜ் மூர்ங்கிற மாநகராட்சித் தலைவர் அடிக்கல் நாட்டி, 1900-ல திறந்தது. பழைய புத்தகம், கிராமபோன் ரெக்கார்டு, பொம்மை, கிளி, முயல்... அம்மா அப்பாவைத் தவிர எல்லாம் கிடைக்கும்னு சொல்லுவாங்க. அப்பாவோட சீசன் டிக்கெட் கோட்டை வரைக்கும் இருந்ததால வழியில பார்க் ஸ்டேஷன்ல இறங்கிக்கலாம். சம்பள நாள் சாயங்காலம் அங்க இறங்கி ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வீட்டுக்கு வருவார். கையில ஒரு பழைய புத்தகம் இருக்கும். "எவ்ளோ?"ன்னு அம்மா கேட்டா, பாதி விலையைத்தான் சொல்லுவார்.

1985 மே மாசம். நான் பிளஸ் ஒன் முடிச்சிருந்தேன். இன்ஜினியரிங்குக்கு என்ட்ரன்ஸ் பரீட்சை வந்த புதுசு. ரெஸ்னிக்-ஹாலிடே பிசிக்ஸ் புத்தகம் இருந்தாத்தான் கரை சேர முடியும்னு எவனோ கிளப்பிவிட்டுட்டான். புதுசு வாங்கற வசதி நமக்கு ஏது? அப்பா என்னை மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். நேரா ஒரு கடை. வெள்ளைத் தாடி, பனியன்மேல ஒரு துண்டு. அப்பாவைப் பார்த்ததும், "வாங்க குரோம்பேட்டை சார்"னார். அப்பா, "பாய், பையன் பெரிய படிப்பு படிக்கணுமாம்"னார்.

எங்கேயோ உள்ள கையை விட்டு அந்தப் புத்தகத்தை எடுத்தார் பாருங்க, இன்னும் கண்ணுல நிக்குது. அட்டை மட்டும் கொஞ்சம் பிரிஞ்சிருந்தது. நூறு ரூபான்னு ஆரம்பிச்சாங்க. அப்பா பேரம் பேசறதைப் பார்த்தா எனக்கே வெட்கமா இருக்கும். கடைசியில அறுபதுல வந்து நின்னது. மாசக் கடைசி நெருங்கற நேரம். அப்பா பர்ஸ்ல இருந்தது இருபத்தஞ்சுதான். "எடுத்து வைங்க பாய், சம்பளம் வந்ததும் வாங்கிக்கறேன்"னார்.

"தம்பி லீவுல படிக்கட்டும் சார். புக்கு வீட்டுக்குப் போகட்டும். நானும் எங்க போகப் போறேன், மார்க்கெட்டு எங்க போகப் போகுது?"

காதுல செருகியிருந்த பென்சிலை எடுத்து, முதல் பக்கத்து மூலையில 60 - 25 = 35-ன்னு எழுதி என் கையில குடுத்தார்.

அப்பாவுக்குச் சம்பளம் மே 31. மூர் மார்க்கெட் எரிஞ்சது மே 30.

பேப்பர்ல போட்டோவைப் பார்த்துட்டு அப்பா ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசலை. சம்பளத்தை வாங்கிக்கிட்டு பார்க் ஸ்டேஷன்ல இறங்கிப் போனார். ராத்திரி பத்து மணிக்கு வந்தார். சட்டைப் பையிலேர்ந்து முப்பத்தஞ்சு ரூபாயைத் தனியா எடுத்து சாமி அலமாரியில வெச்சார். "பாயைப் பார்க்க முடியலை. யார்கிட்ட கேட்கறதுன்னும் தெரியலை. எந்த பாய்ங்கிறாங்க. இருபது வருஷமா அவர்கிட்ட புத்தகம் வாங்கறேன், பேரைக் கேட்டதில்லைடா"ன்னார்.

அப்புறம் எத்தனை தடவை போனார்னு எங்களுக்குக் கணக்கு இல்லை. அந்த இடத்துல ரயில்வேக்காரங்க புறநகர் ரயில் நிலையம் கட்டினாங்க. கடைக்காரங்களுக்குப் பக்கத்துல அல்லிக்குளம் இருந்த இடத்துல ஒரு வளாகம் கட்டிக் குடுத்தாங்க. அங்கேயும் போய்ப் பார்த்தார். அந்த முப்பத்தஞ்சு ரூபா ரெண்டு மூணு வருஷம் அலமாரியில அப்படியே இருந்துச்சு. ஒரு தடவை அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதப்ப மருந்துக்காக அதை எடுத்துட்டு, அடுத்த மாசமே திரும்ப வெச்சார்.

2012-ல ஒரு கல்யாணத்துக்காக அப்பாவை சென்ட்ரலுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷன் முன்னாடி மூர் மார்க்கெட்டைச் சின்னதா மாடல் மாதிரி செஞ்சு வெச்சிருக்காங்க, பார்த்திருப்பீங்க. அப்பா அதுக்கு முன்னாடி நின்னார். குனிஞ்சு ஒரு மூலையைக் காட்டி, "இங்கதான் பாய் கடை"ன்னார். பொம்மைக் கட்டிடத்துல விரல் நகம் அளவு இடம்.

"அல்லிக்குளம் போயிட்டு வந்துடலாம்டா"ன்னார். போனோம். புத்தகக் கடைக்காரர் ஒருத்தர்கிட்ட அடையாளமெல்லாம் சொல்லிக் கேட்டார். அவர் பொறுமையாக் கேட்டுட்டு, "தாடி வெச்ச பாய்னா நாலஞ்சு பேர் இருந்திருப்பாங்க சார். தீ விபத்துக்கு அப்புறம் நெறைய பேர் தொழிலையே விட்டுட்டாங்க. பேர் தெரியுமா?"ன்னார். மறுபடியும் அதே கேள்வி.

அப்பா பதில் சொல்லலை. அங்க இருந்த ஒரு பழைய பிசிக்ஸ் புத்தகத்தை எடுத்து, என்ன விலைன்னு கேட்டார். அவர் நூத்தம்பதுன்னார். அப்பா பேசாம நூத்தம்பதை எடுத்துக் குடுத்தார். கீரைக்காரம்மாகிட்டகூட ரெண்டு ரூபா குறைச்சுக் கேட்கிற மனுஷன்! எழுபத்தோரு வயசுல அவருக்கு எதுக்கு பிசிக்ஸ்னு நானும் கேட்கலை. ரயில்ல அதை மடியிலேயே வெச்சுக்கிட்டு வந்தார்.

அப்பா 2019-ல போயிட்டார்.

எரிஞ்ச கட்டிடத்தை எல்லாரும் படமா வெச்சிருக்கோம். போட்டோ இருக்கு, மாடல் இருக்கு, அந்த ஸ்டேஷனுக்கே மூர் மார்க்கெட் வளாகம்னு பேரும் இருக்கு. ஆனா பாயும் அப்பாவும் ஒருத்தருக்கொருத்தர் வெச்சிருந்த ஒரே விலாசம் அந்தக் கட்டிடம்தான். இவர் அவருக்கு குரோம்பேட்டை சார், அவர் இவருக்கு மூர் மார்க்கெட் பாய். கட்டிடம் போனதும் ரெண்டு பேருமே தொலைஞ்சு போயிட்டாங்க. எங்க அம்மாவும் சித்தியும் பாலத்தோட தொலைஞ்ச மாதிரி.

அதனால ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன் மக்களே. நீங்க தினமும் போற டீக்கடைக்காரர், தையல்காரர், இஸ்திரி போடறவர்... அடுத்த தடவை போறப்ப பேரைக் கேட்டு வெச்சுக்குங்க. கடை அங்கேயேதான் இருக்கும்னு நம்பாதீங்க.

அந்த ரெஸ்னிக்-ஹாலிடே இன்னும் என்கிட்டதான் இருக்கு. முதல் பக்கத்துல பென்சில் எழுத்து மங்கிப்போய் 35 மட்டும் நல்லாத் தெரியுது. மூர் மார்க்கெட்ல பழைய புத்தகக் கடை வெச்சிருந்த, வெள்ளைத் தாடி பாயோட பிள்ளைங்களோ பேரப் பிள்ளைங்களோ இதைப் படிச்சா ஒரு வார்த்தை சொல்லுங்க. குரோம்பேட்டை சார் வீட்லேர்ந்து ஒரு பாக்கி வர வேண்டியிருக்கு.