வடிவாத் தொட்டுப் பாரும்

பேட்டரி கூட்டுவது என்றால் இன்னொரு பெட்டியைத் தூக்கி வைத்து இரண்டு நட்டை முறுக்குவது என்றுதான் நினைத்திருந்தேன். திண்டுக்கல்லில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவனுக்கு அதில் கற்க என்ன இருக்கிறது? மெல்பேர்னின் டான்டினாங் பகுதியில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் உதவியாளாகச் சேர்ந்தபோது அந்த நினைப்போடுதான் போனேன்.

அங்கே வருபவை பெரும்பாலும் மோட்டார்ஹோம்கள். பழைய டொயோட்டா கோஸ்டர் பஸ்ஸுக்குள் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் என்று ஒரு குடும்பமே குடியிருக்கும். இன்ஜினைக் கிளப்ப ஒரு பேட்டரி. விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடத் தனி பேட்டரி. அதை 'ஹவுஸ் பேட்டரி' என்பார்கள். ஓய்வு பெற்றவர்கள் மாதக்கணக்கில் ஊர் சுற்றப் புறப்படும் முன்னால், "இன்னும் ஒரு பேட்டரி போட்டுத் தாருங்கள்" என்று வருவார்கள்.

ஒர்க்‌ஷாப் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணை, நான் தம்பி. 1990-இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது அவர் பள்ளிக்கூடப் பையன். டார்ச் பேட்டரிகூட ஊருக்குள் வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை. மின்சாரம் எங்கே வீணாகிறது என்பதை அவர் காதாலேயே கண்டுபிடிப்பார் என்று எனக்குத் தோன்றும். நான் பேட்டரி என்பேன், அவர் பற்றரி என்பார். முதல் வாரம் எங்களுக்குள் ஒத்துப்போகாதது அது மட்டும்தான். அதன்பின் பட்டியல் நீண்டது.

முதல் தோல்வி, லக். வயரின் முனையில் மாட்டி அழுத்தும் செப்புக் காது அது. வெள்ளீயப் பூச்சில் வெள்ளையாக இருக்கும். நான் அதைச் சுத்தியலால் அடித்து நசுக்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அண்ணை ஒரு கையில் வயரையும் மறு கையில் குறடையும் பிடித்து இழுத்தார். லக் தனியே வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. நான் செய்து வைத்திருந்த இன்னொன்றை வைஸில் மாட்டி, ரம்பத்தால் குறுக்கே அறுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். கம்பிகளுக்கு இடையே தேன்கூடு மாதிரி ஓட்டைகள். "இந்த ஓட்டைக்குள்ள காத்துப் போகும், ஈரம் போகும், பச்சை பூக்கும். பேந்து சூடேறும். விளங்குதோ?" பிறகு அவர் செய்த ஒன்றை அறுத்தார். உள்ளே கம்பி என்று தனியாக எதுவும் இல்லை. ஒரே செப்புக் காசு.

கழிவு வயரில் நாற்பது லக் செய்யச் சொன்னார். ஹைட்ராலிக் கிரிம்பரின் கைப்பிடியை அழுத்தும்போது முதலில் வெண்ணெயை அழுத்துவது போல இறங்கும். பிறகு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கடைசியில் சுவரைத் தள்ளுவது போல நிற்கும். முரண்டு பிடிக்கும் இடத்திலேயே நான் நிறுத்திவிடுவேன். சுவர் வரைக்கும் போக வேண்டும் என்பது உள்ளங்கைக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது. தோல் சீவுவதும் அப்படித்தான். கத்தி செம்பைத் தொட்டால் விரலில் ஒரு கரகரப்பு வரும். அது வந்துவிட்டால் நாலைந்து கம்பி போச்சு என்று அர்த்தம். வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

இரண்டாவது தவறு நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நான்கு வருடம் ஓடிய 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்குப் பக்கத்தில் அதே அளவில் புதிது ஒன்றை இணையாக மாட்டினேன். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். வோல்டேஜ் ஏறாது, கொள்ளளவுதான் கூடும். கணக்கு சரி. ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றி, காலையில் மீட்டர் வைத்தேன். இரண்டும் ஒரே எண். பெருமையோடு அண்ணையைக் கூப்பிட்டேன். "சேர்ந்திருக்கேக்க ரெண்டும் ஒரே நம்பர்தான் காட்டும். பிரிச்சு வையும்" என்றார். பிரித்து வைத்துச் சாயங்காலம் பார்த்தால், புதியது 12.8-இல் நின்றது, பழையது 12.4-க்கு இறங்கியிருந்தது. கிழவர் தன் பாரத்தைப் பையன் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார். சேர்ப்பதானால் ஒரே வயது, ஒரே வகை, ஒரே அளவு.

அதோடு விடவில்லை. நான்கு பழைய பேட்டரிகளை வரிசையாக வைத்து இணையாக மாட்டி, வெளியே போகும் இரண்டு வயரையும் முதல் பேட்டரியிலிருந்தே எடுக்கச் சொன்னார். லோடு கொடுத்து கிளாம்ப் மீட்டரைப் போட்டால், முதல் பேட்டரி கடைசியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைத்துக்கொண்டிருந்தது. மைனஸை மட்டும் கடைசி பேட்டரிக்கு மாற்றியதும் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் அடங்கிவிட்டது. கல்லூரியில் கிர்க்காஃப் விதியை எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் நான் வெகுநாள் சுமந்தது மூன்றாவது தவறைத்தான். ஒரு வண்டியில், ஓடும்போது பின்பக்க பேட்டரி சார்ஜ் ஆவதற்காக 40 ஆம்பியர் டிசி சார்ஜர் பொருத்தினேன். முன்னாலிருந்து ஆறு மீட்டர். '6 மி.மீ., 50 ஆம்பியர்' என்று போட்டிருந்த வயரை எடுத்து இழுத்தேன். வண்டி போய், மறுவாரமே திரும்பி வந்தது. சார்ஜர் கொஞ்ச நேரம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. சார்ஜரில்தான் கோளாறு என்று நான் அடித்துப் பேசினேன். அண்ணை இன்ஜினைக் கிளப்பச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து வயர் மேல் வைத்தார்.

"வடிவாத் தொட்டுப் பாரும்."

காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருந்தது.

ஆஸ்திரேலியாவில் ஆட்டோ வயரின் 6 மி.மீ. என்பது பிளாஸ்டிக் தோலையும் சேர்த்த குறுக்களவு. உள்ளே செம்பு 4.6 சதுர மி.மீ. அளவுதான். போக ஆறு, வர ஆறு, மொத்தம் பன்னிரண்டு மீட்டர். 40 ஆம்பியருக்கு வழியிலேயே 1.8 வோல்ட் காணாமல் போகிறது. ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தால் சார்ஜருக்குப் போய்ச் சேர்வது 12.4; இன்ஜின் நின்றுவிட்டது என்று எண்ணி அது அணைந்துவிடுகிறது. 50 ஆம்பியர் என்று அச்சிட்டது பொய்யில்லை. அத்தனை மின்சாரத்தில் வயர் எரியாது என்பதுதான் அதன் பொருள். அந்தக் கோடிக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பது இல்லை. 13.5 சதுர மி.மீ. வயரை அன்றிரவு நானே இழுத்தேன், சம்பளம் கேட்காமல். அண்ணை ஒன்பது மணி வரை டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே இருந்தார்.

எட்டாவது மாதம் ஒரு கோஸ்டரை முழுதாக என்னிடம் விட்டார். நல்லார்பார் சமவெளியைக் கடந்து மேற்கே போகவிருந்த ஒரு வயதான தம்பதியின் வண்டி. பழைய ஏஜிஎம் பேட்டரிகள் இரண்டு, ஒவ்வொன்றும் முப்பது கிலோ. ஆயுள் குறையாமல் இருக்க வேண்டுமானால் பாதிதான் பயன்படுத்தலாம். அவற்றை இறக்கிவிட்டு 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் இரண்டு ஏற்றினேன். தனித்தனியே முழுதாகச் சார்ஜ் செய்த பிறகே சேர்த்தேன். 2022-இல் வெளியான 3001.2 தரவிதிப்படி வண்டியில் ஆள் குடியிருக்கும் பகுதிக்குள் லித்தியம் திறந்திருக்கக் கூடாது என்பதால், இருக்கைக்கு அடியில் மூடிய பெட்டி செய்து வெளிச்சுவரில் காற்றுத் துளை விட்டேன். பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபியூஸ். மைனஸைக் கடைசியில் மாட்டினேன்.

அண்ணை வந்தார். குறடால் ஒவ்வொரு லக்கையும் இழுத்தார். எதுவும் அசையவில்லை. வண்டிக்கார அம்மா இன்வெர்ட்டரில் சின்ன கெட்டிலைப் போட்டார். மீட்டர் 90 ஆம்பியர் காட்டியது. தண்ணீர் கொதித்து முடியும்வரை அண்ணை குனிந்து ஒரு வயர்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து, கையைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "மூடியைப் போடும் தம்பி" என்றார்.

அவர் போனபிறகு நானும் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது.