கல்லில் ஒரு பெயரைத் தேடி

ஓசூர் என்றதும் வெளியூர்த் தோழியரின் நினைவுக்கு வருவன தொழிற்சாலைகளும் ரோஜாத் தோட்டங்களும்தாம். லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் உருவாகும் ஊர் எங்கள் ஊர். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கும் எல்லை ஊர். ஆயினும் இம்மண்ணுக்குப் போர்வீரரோடு உள்ள உறவு, சிப்காட் வளாகத்தைவிட மிகப் பழமையானது என்பதை எங்களில் பலர் இவ்வாண்டுதான் அறிந்தோம்.

இங்குள்ள அரசு கால்நடைப் பண்ணை 1824ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஒரு காலத்தில் குறுகிய இருப்புப்பாதைகள் இருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குள் அவை மூடப்பட்டன. தண்டவாளங்களும் போர்த் தேவைக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஓசூருக்குப் பின்னர் வேறு பாதை வந்தது. கிருஷ்ணகிரி நகருக்கோ இன்றுவரை ரயில் இல்லை. எங்கோ நடந்த போர், நம் ஊர் ரயிலையே கொண்டுபோய்விட்டது பாருங்கள்!

அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே வீரரை நினைக்கும் வழக்கம் இருந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரனின் உருவமும், அவன் யார், எதற்காக மடிந்தான் என்னும் எழுத்தும் சிலவற்றில் உண்டு. அவர்களுள் பலர் பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரைகளை மீட்கப் போராடி உயிர் நீத்தவர்கள். கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வழிபடும் முறையைத் தொல்காப்பியமே கூறுகிறது. நம் மக்கள் பல ஊர்களில் அக்கற்களை வேடியப்பன் என்று இன்றும் வணங்குகின்றனர். எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் இவற்றை வீரகல்லு என்பர். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் இத்தகைய கற்களை நாங்கள் கண்டபோது, இவை பழங்காலத்துப் பொருள்கள் என்று மட்டுமே எண்ணினோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தாவைச் சந்தித்த பிறகுதான் நடுகல்லின் உண்மைப் பொருள் எங்களுக்கு விளங்கிற்று.

தாத்தா 75 வயதைக் கடந்தவர். படையிலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று, பின்னர் இருபது ஆண்டுகள் தொழிற்சாலை ஒன்றின் வாயிலில் காவல் பணி செய்தவர். வரும் டிசம்பர் 16ஆம் நாளன்று டெல்லியில் உள்ள தேசியப் போர் நினைவகத்தில் நிற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. போகும் வழியில் பெங்களூரில், தாம் பயிற்சி பெற்ற படைப்பிரிவின் நினைவுச் சின்னத்திலும் மலர் வைக்க எண்ணியுள்ளார். அப்பயணத்துக்கு அவர் ஆயத்தமாவதைக் காணவும், எங்களால் இயன்ற சிறு உதவிகளைச் செய்யவும் சரித்திர ஆசிரியையான சகோதரி அவர்கள் எங்களை அனுப்பி வைத்தார்கள்.

தாத்தா சேர்ந்திருந்த படை, மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படை. 1780ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய இப்படைக்கு இப்போது பெங்களூர் அல்சூர் ஏரியருகே பயிற்சி மையம் உள்ளது. தென்னாட்டு இளைஞர்களே பெரும்பாலும் சேரும் இப்படையின் வீரர்களைப் பிற படையினர் ‘தம்பி’ என்று அழைப்பார்களாம். பாலம் கட்டுவதும், சாலை அமைப்பதும், கண்ணிவெடிகளை அகற்றுவதும் இவர்கள் வேலை. “மத்தவங்க சண்டை போடப் போறதுக்கு முன்னாடி வழி போடுறவங்க நாங்க, பாப்பா” என்று தாத்தா ஒரே வரியில் விளக்கிவிட்டார்.

இப்படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் என்பவரைப் பற்றியும் அவர்தாம் எங்களுக்குச் சொன்னார். காஞ்சிபுரத்தை அடுத்த ஓர் ஊரைச் சேர்ந்த அவர், 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் மிஞ்ஞானோ என்னுமிடத்தில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தார். உடனிருந்தவர் ஒருவரின் கால் பட்டு வெடியொன்று கிளம்பிற்று. அது வெடிக்கச் சில விநாடிகளே இருந்தன. சுப்பிரமணியன் அதன்மேல் தம் உடலையே போட்டுத் தோழர்களைக் காத்தார், தாம் மாண்டார். இந்தியர்களுள் முதன்முதலாக ஜார்ஜ் சிலுவை விருது பெற்றவர் அவரே. தமிழ்நாட்டில் பிறந்த அந்த வீரரின் பெயரை எங்கள் வகுப்பில் ஒருவருமே அதற்குமுன் கேட்டதில்லை!

தாத்தா 1971ஆம் ஆண்டுப் போரில் மேற்கு எல்லையில் இருந்தார். அவருடைய 9ஆவது பொறியியல் ரெஜிமெண்ட், ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றருகே கண்ணிவெடி நிலத்தில் வழி திறக்கும் பொறுப்பை ஏற்றிருந்தது. டாங்கிகளைத் தகர்க்கும் வெடிகளும் மனிதரைக் கொல்லும் வெடிகளும் கலந்து புதைக்கப்பட்ட நிலம் அது. அகற்றிய இடத்தை வெள்ளை நாடா கட்டி அடையாளம் காட்ட வேண்டும். அந்த நாடாக்களுக்கு நடுவேதான் டாங்கிகள் வர முடியும். டிசம்பர் 15ஆம் நாள் இரவு, பகைவரின் பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே இந்த வேலை நடந்தது. வழி முழுதும் தயாராகுமுன்பே, ஆபத்தை அறிந்தும் பூனா ஹார்ஸ் என்னும் படையின் டாங்கிகள் முன்னேறின. மறுநாள் நடந்த டாங்கிச் சண்டையில் 21 வயதே ஆன அருண் கேத்தர்பால் வீரமரணம் எய்திப் பரம வீர் சக்கரம் பெற்றார். வழி திறக்கும் பணியை முன்னின்று நடத்தி உயிர் நீத்த, தாத்தாவின் ரெஜிமெண்டைச் சேர்ந்த மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு மகா வீர் சக்கரம் வழங்கப்பட்டது.

விருது பெறாத ஒருவரும் அங்கே இருந்தார். அவர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். தாத்தாவோடு ஒரே நாளில் படையில் சேர்ந்தவர். “அன்னிக்கு ராத்திரி நாடாவோட ஒரு முனை அவன் கையில, இன்னொரு முனை என் கையில” என்றார் தாத்தா. அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. டிசம்பர் 17ஆம் நாள் போர் நின்றது. ஊரெல்லாம் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அக்கிராமத்துக்குத் தந்தி வந்ததாம்.

அத்தோழர் விழுந்த இடத்தைச் சென்று பார்க்கவும் வழியில்லை. போரில் நம் படை பிடித்த அந்நிலப்பகுதி, 1972ஆம் ஆண்டு சிம்லா உடன்படிக்கைக்குப் பின் பாகிஸ்தானிடம் திருப்பித் தரப்பட்டது. ஆகவே அவர் பெயர் பொறித்த கல் ஒன்றே தாத்தா சென்று நிற்கக்கூடிய இடம். கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியும் மலரும் ஏந்திச் செல்ல நமக்கு ஓர் இடம் இருக்கிறதே, அதன் அருமை எங்களுக்கு அன்றுதான் புரிந்தது.

டெல்லியில் இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவகம் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பட்டது. அது நான்கு வட்டங்களாக அமைந்துள்ளது. அவற்றுள் தியாகச் சக்கரம் என்னும் வட்டத்தின் சுவர்களில், விடுதலைக்குப் பின் நாட்டுக்காக உயிர் நீத்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கருங்கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. 1972 முதல் இந்தியா கேட்டில் எரிந்துவந்த அமர் ஜவான் ஜோதியும் 2022 ஜனவரியில் இங்குள்ள சுடருடன் இணைக்கப்பட்டது. பெயரைக் கல்லில் எழுதி நிறுத்தி, அதன்முன் விளக்கேற்றும் இந்த வழக்கத்துக்கும் நம் ஊர் நடுகல் வழக்கத்துக்கும் என்ன வேறுபாடு, தோழியரே?

வீட்டில் பயணத்துக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. தாத்தாவுக்கு முழங்கால் வலி. பெங்களூரிலிருந்து டெல்லிக்கு ரயிலில் இரண்டு இரவுகள் போகவேண்டும். டிசம்பர்க் குளிர் வேறு. “அந்த நினைவகத்தைப் போனிலேயே பாத்துடலாமே அப்பா” என்று மகன் கெஞ்சினார். தாத்தா கோபிக்கவில்லை. “அவன் எனக்கு முன்னால நடந்தான்டா. ஒரு தடவையாவது நான் அவன்கிட்ட நடந்து போகணும்” என்றார். மகன் மறுபேச்சின்றிச் சென்று, தமக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து வந்தார்.

எங்களுக்கும் வேலை கிடைத்தது. தாத்தாவின் பழைய நோட்டுப் புத்தகத்தில் மாண்ட தோழர்களின் பெயர்கள் ஒரு பக்கம் நிறைய இருந்தன. கண்ணாடியில்லாமலே அவர் படிக்கும்படி அவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். பெயருக்கு நேராக ஊர்: திருவண்ணாமலை, பாலக்காடு, சித்தூர், கோலார். நான்கு மொழி பேசியவர்கள் ஒரே பட்டியலில் இருந்தார்கள். பஸ்சிமி ஸ்டார் முதலிய பதக்கங்களைத் துடைத்து, கோட்டில் அறுந்திருந்த பொத்தானைத் தைத்தோம். தையல் வகுப்பில் நாங்கள் பின்னிய கம்பளி மப்ளர் ஒன்றையும் அளித்தோம். அதன் ஓரம் சற்றுக் கோணலாக இருந்ததைக் கண்ட தாத்தா, “பரவாயில்ல, நாங்க கட்டின நாடாவும் நேரா இருந்ததில்ல” என்று சிரித்தார்.

நாங்கள் அங்கிருந்த ஒரு நாள், இறந்த தோழரின் தங்கை கிராமத்திலிருந்து வந்திருந்தார். இப்போது அவரே பாட்டியாகிவிட்டார். ஒரு பை நிறைய ராகி மாவு கொண்டு வந்திருந்தார். அண்ணன் விடுமுறை முடிந்து புறப்படும்போதெல்லாம் அம்மா அதைத்தான் கொடுத்தனுப்புவாராம். பயணத்தைப் பற்றி எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அண்ணா, எனக்குப் படிக்கத் தெரியாது. எங்க அண்ணன் பேரு மேல உன் விரல வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வா. அது போதும்.” தாத்தாவால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

கல் காலத்தை வெல்லும் என்பர். ஆனால் தானாகவே பேசாது. வரப்பில் நிற்கும் நடுகல்லின் எழுத்தைப் படிப்பார் இல்லையெனில் அது வெறுங்கல்லாகி, மாடு கட்டவும் துணி துவைக்கவும் பயன்பட்டுவிடுகிறது. பெயரைச் சொல்ல ஒருவர் இருக்கும்வரைதான் நினைவுச் சின்னம் உயிரோடிருக்கிறது. தாத்தாவுக்குப் பின் அந்தத் தேன்கனிக்கோட்டை இளைஞரின் பெயரைச் சொல்வார் யார் என்று எண்ணினோம். நாங்களே சொல்வது என்று முடிவு செய்தோம். பெரிய எழுத்தில் எழுதிய அப்பட்டியலின் படி ஒன்று இப்போது எங்களிடமும் உள்ளது.

அன்புத் தோழியரே, நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் படையில் பணியாற்றித் திரும்பிய பெரியவர்கள் பலர் உள்ளனர். தொழிற்சாலை வாயிலில் நாம் கவனியாமல் கடந்து செல்லும் காவலாளி அவர்களுள் ஒருவராக இருக்கலாம். நம் ஊர் ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் கல், யாரோ ஒரு தங்கையின் அண்ணனாக இருக்கலாம். இந்த விடுமுறையில் அவர்களிடம் சென்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். தாத்தாவின் பயணம் நலமாக நிறைவேற எங்களோடு நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர்