உப்பு மூட்டை

எங்கள் இளைய மகள் ஒன்றரை வயதிலும் பிடியின்றி உட்காரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, பெரும்பாலான குழந்தைகள் ஏறத்தாழ 4 முதல் 9 மாதத்திற்குள் தாமே உட்காருகின்றனர். 18 மாதத்திற்குள் தனியே நடக்கின்றனர். இக்கணக்கு எங்களுக்கு மனப்பாடம். அறிந்து என்ன பயன்?

மூளை முடக்குவாதம் என்றார் மருத்துவர். அழும் குழந்தையின் தசைகள் மேலும் விறைக்கும் என்று கூறிய பிசியோதெரபி அம்மையாரோ, முதல் நாளே மேசையை ஒதுக்கிவிட்டுத் தரையில் பாயை விரித்தார். குழந்தையை அமர்த்தி, கிலுகிலுப்பையைப் பக்கவாட்டில் வைத்தார். அருகே வைத்தால் உடல் அசையாது. தொலைவில் வைத்தால் குழந்தை கைவிட்டுவிடும். எட்டியும் எட்டாமலும் இருக்க வேண்டும். அவள் சாய்வாள், எடை ஒரு கைக்கு மாறும், விழாதபடி இடுப்புத் தசைகள் இறுகும். அவள் தேடியது கிலுகிலுப்பையை, நாங்கள் தேடியது அந்தச் சாய்வை. பொத்தானை அழுத்தியதும் தானே ஆடிப்பாடும் கடைப் பொம்மைகளில் குழந்தைக்கு என்ன வேலை இருக்கிறது?

அவளது இடக்கை சோம்பிக் கிடந்தது. எனவே, அம்மையார் சொன்ன நேரம் மட்டும், வலக்கைக்குப் பூனை முகம் தைத்த உறையை அணிவித்தோம். பூனை உறங்குகையில் சொப்புகளை இடக்கைதானே அடுக்கியாக வேண்டும்! அமெரிக்க உளவியலார் எட்வர்ட் டாப் அவர்களின் ஆய்வுகளில் கிளைத்த முறை இது. வல்லுநர் துணையின்றி எவரும் முயலலாகாது.

கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் கால்களுக்குப் பாட்டியின் உப்பு மூட்டை உதவியது. முதுகில் ஏறிய குழந்தையின் தொடைகள் அகன்றே இருக்கும். மெக்சிகோவின் மலைக் கிராமங்களில் பணியாற்றிய டேவிட் வெர்னர் 1987-இல் வெளியிட்ட கைநூலிலும் கால்களை அகட்டித் தூக்கும் படங்கள் உண்டு. பாட்டி அந்நூலைக் கண்டதில்லை.

"காசு கொடுத்து விளையாடவா போகிறீர்கள்?" என்று உறவினர் ஒருவர் வினவினார். மூளையில் நேர்ந்த காயத்தை விளையாட்டு அழித்துவிடாது. இதை நாங்கள் மறைப்பதற்கில்லை. ஆயினும் ஓர் அசைவு படிவதற்கு நூறு நூறு முறை செய்தாக வேண்டும். அத்தனை முறையும் ஒரு குழந்தை மனமுவந்து செய்வது விளையாட்டில்தான்.

இப்போது அவளுக்கு நான்கு வயது. தனித்து நடப்பாளா என்பதை மருத்துவர் இன்னும் சொல்லவில்லை. நடைவண்டி முந்தி ஓடாதிருக்க அதன்மேல் இரண்டு செங்கற்களைக் கட்டியிருந்தோம். சென்ற திங்களில் ஒன்றை எடுத்துவிட்டோம்.